கடைசி விசிலுக்குப் பிறகு கிளாம்பாக்கம்: காரைக்குடியிலிருந்து நேரு ஸ்டேடியம் போய்வர

சென்னை நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து பார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்த அலுப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறையெல்லாம் கடைசி விசில் ஊதிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. செட்டிநாட்டுப் பக்கமிருந்து போக நினைக்கிறவர்கள் எதிரணி யார் என்று பார்ப்பதற்கு முன்னால் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மாலை 5 மணி ஆட்டம் என்றால் யோசிக்காமல் டிக்கெட் எடுக்கலாம். இரவு 7:30 என்றால் திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

காரணம் ரயில் நேரம். பல்லவன் எழும்பூரை விட்டு மாலை 3:45 வாக்கில் கிளம்பிவிடும். சேது எக்ஸ்பிரஸ் 5:45 வாக்கில். புதிய பாம்பன் பாலம் திறந்த 2025-இல் விட்ட தாம்பரம் - ராமேஸ்வரம் வண்டி ஆறு மணியை ஒட்டி. போட் மெயில் 7:15 வாக்கில். வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் சிலம்பு எட்டரைக்குள். ஐந்து பத்து நிமிடம் அவ்வப்போது மாற்றுவார்கள், ஆனாலும் கணக்கு இதுதான். காரைக்குடி வழியாகப் போகிற வண்டி இத்தனை இருந்தும் 7:30 ஆட்டம் பார்த்தவனுக்கு இதில் ஒன்றுகூட உதவாது. பாதி 45 நிமிடம், இடைவேளை 15, மீதி 45, இரண்டு பாதியிலும் சேர்த்துத் தரும் நிமிடங்கள் ஏழெட்டு. விசில் ஊதும்போது மணி 9:25 ஆகிவிடும். அந்த நேரத்தில் போட் மெயில் விழுப்புரத்தை நெருங்கியிருக்கும்.

5 மணி ஆட்டம் 6:55-க்கு முடியும். 7:15 போட் மெயிலைப் பிடித்துவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேட்டை விட்டு வெளியே வரவே கால் மணி நேரம் பிடிக்கும். அன்று சிலம்பு ஓடும் நாளாக இருந்தால் அதில் முன்பதிவு செய்வதுதான் உத்தமம்: சாவகாசமாக நடந்து எழும்பூர் வந்து, சாப்பிட்டுவிட்டு ஏறலாம். இல்லையென்றால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். ஒன்பதேகாலுக்குள் அங்கே போய்விடலாம், தென் மாவட்டப் பேருந்துகள் அடுத்தடுத்துக் கிளம்பும் நேரம் அது.

போகும் பயணத்தில் பிரச்சினை குறைவு. காலை ஐந்தரை மணி வாக்கில் காரைக்குடியிலேயே புறப்படும் பல்லவன் இருக்கிறது. உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்புக்கு முன்பதிவோடு இருநூறு ரூபாய்க்குள் முடியும், மதியம் பன்னிரண்டேகாலுக்கு எழும்பூர். கையைக் கடிப்பது அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து கிலோமீட்டர். தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்களுக்கு விடிகாலை நாலரைக்கு டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோ வைத்தால் சென்னை வரைக்கும் கொடுக்கிற ரயில் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு இதற்கே போய்விடும். நாலு பேராகச் சேர்ந்து ஒரே ஆட்டோவில் வருவதுதான் வழி. இல்லாவிட்டால் முதல் நாள் இரவே காரைக்குடி வந்துவிடுங்கள். எழும்பூர் நிலையத்தில் வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். முன்பதிவு எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டுக் கிளம்பவும்.

எழும்பூரில் இறங்கியதும் வாசலில் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஸ்டேடியம் என்று வாயைத் திறந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது, இருநூறு என்பார்கள். சென்னையின் எஃப்சி அணியின் நீல பனியன் போட்டிருந்தால் இன்னும் கூடும். கேலரி டிக்கெட் விலையை ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? எழும்பூரிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் அடுத்த நிலையம் பார்க். கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவிலும் ஒரே நிறுத்தம்தான், சென்ட்ரலில் இறங்க வேண்டும், 10 ரூபாய்.

மெட்ரோவில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வரைபடத்தில் ‘நேரு பூங்கா’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் கெட்டது. அது எழும்பூரைத் தாண்டி கீழ்ப்பாக்கம் போகும் வழியில் இருக்கிறது. அங்கேயும் விளையாட்டு ஆணையத்தின் வளாகம் ஒன்று இருப்பதால் வெளியே வந்து பார்த்தாலும் குழப்பம் தீராது. நமக்கு வேண்டிய ஸ்டேடியம் பெரியமேட்டில், சென்ட்ரலுக்குப் பக்கத்தில்.

பார்க் நிலையத்திலிருந்து சென்ட்ரல் மெட்ரோவின் சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து, விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை என்று மேற்கே நடந்து வலது பக்கம் திரும்பினால் ராஜா முத்தையா சாலை. நடந்தால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். சென்னைக்கு மேயர் பதவி மீண்டும் வந்த 1933-இல் முதல் மேயராக இருந்த நம் செட்டிநாட்டு ராஜா சர் முத்தையா செட்டியாரின் பெயர்தான் அந்தச் சாலைக்கு. நம்மூர்க்காரர்கள் அதில் நடந்து ஆட்டத்துக்குப் போவதில் தனி மகிழ்ச்சி உண்டு. ஸ்டேடியத்துக்கும் பழைய கதை இருக்கிறது. 1956 முதல் 1965 வரை கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில் டெஸ்ட் கிரிக்கெட் நடந்த மைதானம் அது.

பை விஷயத்தில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், சில நேரம் சில்லறைக் காசுகூட உள்ளே விட மாட்டார்கள். வாசலில் பாதுகாப்பாக வைத்துத் தருவதற்கு யாரும் இல்லை. வீட்டில் ஆச்சி ஆசையாகக் கட்டிக்கொடுத்த மணகோலமும் சீப்புச் சீடையும் சோதனை மேசைக்குப் பக்கத்துத் தொட்டியில் கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும். எழும்பூரிலோ சென்ட்ரலிலோ பொருள் காப்பறையில் பையை வைத்துவிட்டு வாருங்கள். ரயில் டிக்கெட் கேட்பார்கள், பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள். ஆகவே ஊரிலிருந்தே சின்னப் பூட்டு ஒன்று எடுத்துப் போகவும். திரும்பும் பயணம் கிளாம்பாக்கம் வழி என்றால் எழும்பூரில் வைப்பது நல்லது. அதே மின்சார ரயில் பாதையில் இருப்பதால் இறங்கி எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறலாம். பையே இல்லாமல் போனால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் புல்லின் பச்சையைத் தொலைக்காட்சி காட்டவே காட்டாது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற ரசிகர் கூட்டங்கள் தப்பு மேளத்தோடு தொண்ணூறு நிமிடமும் நிற்காமல் பாடுகிறார்கள். கார்னர் கிக்குக்குப் பந்தை வைக்கும்போது மேளம் மெல்ல ஆரம்பித்து, பந்து உயரும் நொடியில் மொத்த கேலரியும் எழுந்து நிற்கும். சிமெண்ட் படியில் காலுக்கடியில் அந்த அதிர்வு தெரியும். சென்னையின் எஃப்சி 2015-இல் முதல் கோப்பை வாங்கிய வருடம் வெள்ளத்தால் அரையிறுதியின் முதல் ஆட்டத்தையே இந்த மைதானத்திலிருந்து புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியும் அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்த அணி இது. இந்தச் சத்தத்துக்காக 400 கிலோமீட்டர் வரலாம், தாராளமாக வரலாம்.

இப்போது 9:25-க்கு வருவோம். எல்லா கேட்டும் ஒரே நேரத்தில் திறக்க, கூட்டம் மொத்தமும் சைடன்ஹாம்ஸ் சாலையிலும் ராஜா முத்தையா சாலையிலும் கொட்டும். இரண்டும் போய் முட்டும் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் ஒரு பக்கம் சென்ட்ரல், எதிரே அரசுப் பொது மருத்துவமனை. இரவு ரயிலைப் பிடிக்க ஓடும் கார்களும் ஆம்புலன்ஸும் ஏற்கெனவே நிற்கிற சாலை அது. அதே வளாகத்து உள்விளையாட்டு அரங்கில் நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த நெரிசலில் கேட்டுக்கு எதிரே நின்றபடி செல்போனில் வண்டி கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். கட்டணம் இரண்டு மடங்கு காட்டும். ஓட்டுநர் அரை கிலோமீட்டர் தள்ளி நின்று ‘உள்ளே வர முடியாது சார், நீங்க இங்க வாங்க’ என்பார். பத்து நிமிடம் பேசி, கடைசியில் அவரே ரத்து செய்துவிடுவார். கிளாம்பாக்கம் வரைக்கும் என்றால் கூப்பிடவே வேண்டாம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் அவர் கேட்கும் தொகைக்குப் பேருந்தில் ஊருக்கே போய்விடலாம்.

செய்ய வேண்டியது ஒன்றே. வந்த வழியே பார்க் நிலையத்துக்கு நடையைக் கட்டுங்கள். 9:45-க்கு வெளியே வந்தால் பத்து மணிக்கு நடைமேடை. திரும்பும் டிக்கெட்டை மதியமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரவு கவுண்டரில் வரிசை நீளும். தாம்பரத்துக்கு ஐம்பது நிமிடம், கட்டணம் பத்து ரூபாய் அளவில்தான். செங்கல்பட்டு வரை போகும் வண்டி கிடைத்தால் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி ஆட்டோ வைக்கலாம், ஆனால் பத்தரைக்கு மேல் அந்த வண்டிகள் அருகிவிடும். அதற்காகக் காத்திருப்பதைவிடத் தாம்பரத்தில் இறங்கி மாநகரப் பேருந்தில் போவது நிச்சயமான வழி. ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் ஒன்பது பத்து கிலோமீட்டர். சாதாரணக் கட்டணப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பதினொன்றரைக்குக் கிளாம்பாக்கம். ஆகவே முன்பதிவு செய்வதென்றால் 11:45-க்கு முன்னால் புறப்படும் பேருந்தைத் தொடாதீர்கள். 10:30 பேருந்துக்குப் பணம் கட்டிவிட்டு எண்பதாவது நிமிடத்தில் கேலரியை விட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. அன்று மின்சார ரயில்கள் குறைவான எண்ணிக்கையில்தான் ஓடும். தண்டவாளப் பராமரிப்பு என்று கடற்கரை - தாம்பரம் பாதையில் அடிக்கடி ரத்தும் செய்வார்கள். முதல் நாளே அறிவிப்பைப் பாருங்கள். ரத்து என்றால் சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் விமான நிலையம் வரை போய், அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து பிடிக்கலாம். மெட்ரோ இரவு 11 மணி வரைதான்.

கிளாம்பாக்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கோயம்பேடு இருந்தபோது சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் பேருந்து நிலையத்தின் வாசலிலேயே இறங்கலாம். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்தார்கள். நிலையம் பெரியது, சுத்தமானது, உட்கார இடம் உண்டு, கழிப்பறை நன்றாக இருக்கிறது. ஆனால் மெட்ரோவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காமல் தென் மாவட்டப் பேருந்துகளை மட்டும் முதலில் கொண்டுபோனது தவறு. அந்தத் தவறின் விலையை இரவு பத்து மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் நிற்கிறவர்கள் கொடுக்கிறார்கள். பெருங்களத்தூரில் நின்று கைகாட்டி ஏறுகிற பழைய வழக்கமும் போயிற்று. பேருந்து புறப்படுவதே அதற்குத் தெற்கே என்பதால் அங்கே நிற்பதில் பயனில்லை. 2024-இல் சேப்பாக்கம் ஐபிஎல் ஆட்டங்களுக்கு டிக்கெட்டைக் காட்டி மாநகரப் பேருந்தில் இலவசமாகப் போக ஏற்பாடு இருந்தது. கால்பந்து நடக்கும் இரவுகளில் பெரியமேட்டிலிருந்து நேரே கிளாம்பாக்கத்துக்கு நாலு பேருந்து விட்டால் போதும், காசு கொடுத்தே ஏறுவோம்.

காரில் வருகிறவர்கள் பெரியமேட்டுக்குள் காரைக் கொண்டுபோகவே வேண்டாம். கிளாம்பாக்கத்திலோ தாம்பரம் நிலையத்திலோ நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள்.

அரசு விரைவுப் பேருந்தில் காரைக்குடிக்குக் கட்டணம் ஐந்நூறை ஒட்டி வரும். வார இறுதியில் ஆம்னி படுக்கை இதைப் போல இரண்டு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆம்னியில் பதிவு செய்யும்போது ஏறும் இடத்தை இரண்டு முறை படியுங்கள். காரைக்குடிக்கு நேரடிப் பேருந்தில் இடம் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம், திருச்சிக்கு இரவு முழுக்கப் பேருந்து உண்டு. ஏறும்போதே பஞ்சப்பூர் புதிய நிலையம் போகுமா, பழைய மத்தியப் பேருந்து நிலையமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சியில் புதுக்கோட்டை, காரைக்குடிப் பேருந்து எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் விடியற்காலையில் அலைய வேண்டாம்.

சாப்பாட்டை மட்டும் நெடுஞ்சாலை மோட்டலுக்கு விடாதீர்கள். இரவு ஒன்றரை மணிக்கு நிறுத்துவார்கள். ஆறிப்போன தோசைக்கும் சூடு காட்டிய பரோட்டாவுக்கும் ஊரில் இரண்டு வேளை சாப்பிடும் காசு கேட்பார்கள். எழும்பூரில் பை வைக்கிறவர்கள் அதற்குள்ளேயே மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழை இலையில் கட்டி வைத்துவிடுங்கள். சட்னி, சாம்பார் வேண்டாம், மதிய வெயிலில் ஊசிப்போகும். எண்ணெய் ஊறிய இட்லி நள்ளிரவில் இன்னும் ருசியாக இருக்கும், கிளாம்பாக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம்.

ஏழெட்டு மணி நேரப் பயணம். திருமயம் கோட்டை கண்ணில் படும்போது விடிந்திருக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்கள் காரைக்குடி வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பேருந்து கானாடுகாத்தான் விலக்கைத் தாண்டித்தான் போகிறது. காரைக்குடிக்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு, விலக்கில் இறங்க வேண்டும் என்று ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவையுங்கள். திருமயத்தில் விழித்துக்கொண்டு அவரிடம் இன்னொரு முறை ஞாபகப்படுத்துங்கள், அவரும் அசந்திருப்பார்.