அறுபதில் கேட்காத குரல்

ஜனவரி 4
வண்டி அறுபதைத் தாண்டினால் அப்பா பேசுவது கேட்கவில்லை.

ஜனவரி 5
கண்ணாடியில் அவர் வாய் அசைவது தெரிகிறது. "என்னப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் பேசுவதையே விட்டுவிடுகிறார். ஏசியை அணைத்துப் பார்த்தேன். மிச்சமிருப்பது டயரின் உறுமல், பின் வீல் ஆர்ச்சிலிருந்து, அதாவது சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகரத்திலிருந்து. 21ஆம் தேதி அப்பாவைக் கூட்டிப் போவதற்குள் இதை அடக்கியாக வேண்டும். மருந்துச் செலவு போக மிஞ்சுவதில்தான்.

ஜனவரி 8
ராத்திரி முழுக்கப் படித்தேன். கார்த் தகரத்தின் உள்பக்கம் ஒட்டும் டேம்பிங் ஷீட் சத்தத்தை மறிப்பதில்லை, தகரத்தின் அதிர்வைத்தான் அடக்குகிறது. அடியில் பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள். தகரம் அதிர அதிர, நடுவில் மாட்டிய ரப்பர் இழுபட்டு அந்த அசைவைச் சூடாக மாற்றிவிடும். அதனால் முழுக்க ஒட்டத் தேவையே இல்லை. ஒவ்வொரு தகட்டிலும் நடுப்பகுதியாகப் பார்த்து 25 முதல் 30 சதவீதம் மூடினாலே பெரும்பலன் வந்துவிடும். இதைப் படித்ததும்தான் மூச்சு வந்தது.

கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப் பட்டை இதைவிட மலிவு. ஆனால் வெயிலில் இளகும், வாடை அடிக்கும். அப்பா மூச்சு விடுகிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

ஜனவரி 9
கதவிடுக்கில் காகிதம் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். மூன்று கதவில் பிடித்துக்கொண்டது. பின் இடது கதவில் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மாற்றணும்.

ஜனவரி 11
அப்பா இன்று நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் சொன்னார்!

ஜனவரி 12
பின் சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டை மடக்கினேன். முன் சீட்டைத் தொடவில்லை. அடியில் ஏர்பேக்கின் மஞ்சள் வயர் போகிறது. வீல் ஆர்ச் தகரத்தை விரல் கணுவால் தட்டினால் 'டங்ங்' என்று நீள்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தேன், துணி கறுத்துக்கொண்டே வந்தது. வெறும் தகரம் தெரிந்த பிறகு ஷீட்டை வைத்து, அலுமினியத்தில் அச்சான கட்டங்கள் நசுங்கித் தட்டையாகும்வரை ரோலரால் அழுத்தினேன். அதுவரை அழுத்தினால்தான் பிடிக்கும். வெட்டிய விளிம்பு கையுறையையே கிழிக்கிறது. மறுபடி தட்டினேன். 'டொக்'. அவ்வளவுதான், நீளவே இல்லை.

ஜனவரி 13
உறுமல் போகவில்லை.

ஜனவரி 15
அதிர்வு அடங்கினாலும் காற்றுவழியே வரும் சத்தத்துக்குக் கனமான மறிப்பு வேண்டும். அதற்குத்தான் கன வினைல் விரிப்பு: சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ. தகரத்தைத் தொடாமல் இருக்க அடியில் ஃபோம். இடைவெளி விட்டால் அந்த வழியாகவே சத்தம் நுழைந்துவிடும், ஓரங்களை டேப் போட்டு மூடணும். இரண்டு வீல் ஆர்ச்சுக்கும் சீட் அடிக்கும் மட்டும் வாங்கினேன். காருக்கு முழுதும் கட்டுப்படியாகாது.

போன் ஆப் காட்டும் டெசிபெல் பெரிதாக இறங்கவில்லை. பெரும்பாலும் அதில் போடும் 'ஏ' அளவுகோல், அடித்தொனியைக் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும்; எனக்குப் பகையோ அந்த அடித்தொனிதான். தம்பியைப் பின்னால் உட்காரவைத்து, அப்பா அளவுக்குத் தாழ்ந்த குரலில் செய்தித்தாள் படிக்கச் சொன்னேன். இதுதான் என் அளவுகோல்.

ஜனவரி 16
கதவுக்குள் ஸ்ப்ரே ஃபோம் அடித்துவிடு என்கிறார்கள். மாட்டேன். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் கதவின் அடித்துளை வழியாகத்தான் வெளியேறணும். அடைத்தால் துருதான்.

ஜனவரி 18
அப்பா தூங்கவில்லை. நானும்தான். வண்டிப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 20
பீடிங் மாற்றியாயிற்று. வழவழப்பான ரோட்டில் அறுபதில் தம்பி படித்தது வார்த்தைக்கு வார்த்தை விழுந்தது. சொரசொரப்பான ரோட்டில் பாதிதான். பின் டயர்களும் தேய்ந்திருக்கின்றன, அவை இப்போதைக்கு முடியாது. நாளை சொரசொரப்பு வரும் இடங்களில் நாற்பதில் போகணும். அப்பாவை வலப்பக்கம் உட்காரவைக்கணும், அந்தப் பக்கம்தான் வினைல் இடைவெளியே இல்லாமல் படிந்திருக்கிறது. இடப்பக்கம் சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றி இன்னும் டேப் ஒட்டணும்.