ஏற்க மறுத்த சரக்குக்குப் பணம் கேட்டு சுருக்க வழக்கு வந்தால்

கடனுக்குச் சரக்கு எடுத்து, பின்திகதியிட்ட செக் கொடுத்து, சரக்கு சரியில்லையென்று செக்கை நிறுத்துவது கொழும்புப் புறக்கோட்டையில் புதிதல்ல. விற்றவர் அந்தச் செக்கோடு இலங்கைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 703ஆம் பிரிவின்கீழ் (செக், எழுத்துமூல ஒப்பந்தம் போன்றவற்றில் குறித்த தொகை கேட்கும் சுருக்க வழக்கு) புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால்தான் சிக்கல். சாதாரண பண வழக்குபோல மறுமொழி போட்டுவிட்டு ஆறுதலாக இருக்க முடியாது. அழைப்பாணையில் சொன்ன காலத்துக்குள் எதிர்வாதாட அனுமதி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தீர்ப்பு அவர் பக்கம். 707இன்கீழ் அதை நீக்கக் கேட்கலாம். அதற்கு விசேட காரணம் வேண்டும்.

அனுமதிக்கு 706இல் இரண்டு வழி: கேட்ட தொகையை நீதிமன்றத்தில் கட்டலாம், அல்லது சத்தியக் கடதாசியால் நீதிபதியைத் திருப்திப்படுத்தலாம். பணமோ பிணையோ கேட்காமல் அனுமதி கிடைப்பது, 704(2)இன்படி, எதிர்வாதம் முதற்பார்வைக்கு நிற்கிறதா, நல்லெண்ணத்தோடு வருகிறதா என்பதைப் பொறுத்தது. பலர் சறுக்குவது இந்த நல்லெண்ணத்தில்தான். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வந்த பிறகு முதல்முறையாக "தரம் சரியில்லை" என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

ஆகவே சத்தியக் கடதாசியில் திகதிதான் முதுகெலும்பு. "தரக்குறைவான துணி" என்று எழுதாதீர்கள். உதாரணமாக, 60 ரோல் வந்தது, ரோலுக்கு ரூபா 20,000, மொத்தம் 12 இலட்சம். ஓடர் 58 அங்குல அகலம், 18 ரோலில் 56 அங்குலம். அளந்தவர் யார், எந்தத் திகதி, விற்றவருக்கு எந்த வாட்ஸ்அப் செய்தியில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். ஓடர், ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டு, டெலிவரி நோட், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இணையுங்கள். பிரச்சினை 18 ரோலில் மட்டுமென்றால் தகராறு 3,60,000 ரூபாவுக்குத்தான். மிச்சம் 8,40,000ஐயும் பிடித்து வைத்திருப்பவருடைய நல்லெண்ணப் பேச்சு எடுபடாது. அதைக் கட்டிவிடுங்கள்.

கடதாசியின் வடிவமும் முக்கியம். மேலே "உறுதிசெய்து" என்று தொடங்கி, கீழே சமாதான நீதவான் முன் "சத்தியம் செய்து" என்று முடிந்தால், இரண்டும் வேறுவேறு முறை என்பதால் அதுவே ஆட்சேபனையாகும். கம்பனியென்றால், விஷயம் நேரடியாகத் தெரிந்த பணிப்பாளர் ஒப்பமிடட்டும்.

பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் (1896இன் 11ஆம் இலக்கம்) வாங்கியவருக்கும் உதவும். சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்க வேண்டும். ஏற்க மறுத்தால் அதை அறிவித்தால் போதும், லொறி பிடித்துத் திருப்பி அனுப்பக் கடமையில்லை. "சரக்கு இன்னும் உங்கள் கடையில்தானே" என்ற வாதத்துக்கு இதுதான் பதில். ஆனால் மறுத்த ரோலை வெட்டினால், விற்றால், சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு நிராகரிப்பு இல்லை. விலையில் கழிவோ நட்டஈடோ கேட்கலாம், அவ்வளவுதான்.

வழக்காளி கையிலிருப்பது செக்கா, வெறும் பில்லா என்று முதலிலேயே பாருங்கள். உங்கள் ஒப்பமில்லாத பில் 703 சொல்லும் எழுத்துமூல ஒப்பந்தமா என்று கேட்க இடமுண்டு. செக்கில் அந்த வாய்ப்பில்லை. விற்றவர் செக்கை இன்னொருவருக்கு மாற்றிவிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: விஷயம் தெரியாமல், பெறுமதி கொடுத்து, செக் காலங்கடந்து போகுமுன் வாங்கியவரிடம் துணியின் அகலத்தைப் பற்றிப் பேச முடியாது. செக் எழுதும்போதே "நொட் நெகோஷியபிள்" என்று குறுக்குக் கோடிட்டிருந்தால் கைமாறியவருக்கு விற்றவரைவிட மேலான உரிமை வராது.