மந்திரவாதி இருந்த ஊரில் மந்திரக் கதை

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் இப்பால், குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்துப் பள்ளி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார், இந்துக்கள், முஸ்லிம்கள் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். நூலகத்துக்குப் பெற்றோர் வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் தொலைந்த புத்தகத்துக்குப் பணம் கட்ட வருவார்கள். அதற்கு அடுத்தபடியாக அவர்களை வரவழைப்பது மந்திரம். “டீச்சர், இந்தக் கதையில் சூனியம் இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.”

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. ஏழாம் வகுப்பு மகன் எடுத்துப்போன புத்தகத்தை ஒரு தாய் திருப்பிக் கொண்டுவந்தார். அட்டையில் கையில் கோலோடு ஒரு கிழவன். காலடியில் வட்டம், அதற்குள் நட்சத்திரம். செய்தித்தாளில் சுற்றி, துணிக்கடைப் பையில் போட்டு, இரவு முழுவதும் வீட்டுக்கு வெளியே கொடிக்கம்பியில் தொங்கவிட்டிருந்ததாகச் சொன்னார். பையை என் மேசைமேல் வைத்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லிக் கேட்டேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பிய அவருடைய தாத்தா, மந்திரவாதிக்குக் கொடுப்பதற்காகத் தென்னை நின்ற விளையையே விற்றாராம். பிள்ளை பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் குடும்பம் சபைக்கு வந்தது. “வீட்டு வாசலில் புதைத்த தகட்டிலும் இதே மாதிரி வட்டம்தான் இருந்ததாம் டீச்சர்” என்றார்.

மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்த காலம் முதல், இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது பேய்க்கும் மந்திரவாதிக்கும் அஞ்சிக் கிடந்த வாழ்க்கையிலிருந்து விடுதலையாகவும் இருந்தது. அந்த அச்சம் முழுக்கப் பழங்கதையாகிவிடவும் இல்லை. கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம் இலந்தூரில் இரண்டு பெண்கள் நரபலிக்காகக் கொல்லப்பட்டதாக வழக்கு வெளிவந்தது 2022-இல். மந்திரம் என்று சொன்னால் எங்கள் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது கதைப் புத்தகம் அல்ல, பணம் பிடுங்கிய ஒரு மனிதனின் முகம்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. மந்திரவாதி, வீரன் என்று ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கற்பனையில் ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு 1974-இல் வெளிவந்தது. மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய், அந்த விளையாட்டே காரணம் என்று நம்பி 1983-இல் அதற்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். பின்னால் ஹாரி பாட்டர் வந்தது; அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட 2000–2009 பட்டியலில், நீக்கச் சொல்லி மிக அதிகமாக எதிர்க்கப்பட்ட நூல்வரிசை அதுதான். போலந்தின் கிதான்ஸ்க் நகரில் 2019-இல் பாதிரியார்களே அந்தப் புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். அந்தத் தாயின் துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே எழுந்த பீதியை அப்படியே பெயர்த்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. விளையை விற்ற வீட்டின் அச்சத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. இவர்களுடையது இரவல் அச்சம்.

என்னிடம் வருகிறவர்கள் காட்டுவது வேதாகமத்தில் உபாகமம் 18-ஆம் அதிகாரத்தை. குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி என்று அது அடுக்குகிறது. நானும் அதை வாசித்து வளர்ந்தவள்தான். அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும், ஒருவன் தன் கஷ்டத்தோடு தேடிப்போகும் ஆட்கள். கதை படிக்கிற பிள்ளை யாரையும் தேடிப்போகவில்லை. அப்போஸ்தலர் 19-இல் எபேசு பட்டணத்தார் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறும் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தார்களே என்பார்கள். உண்மைதான். அவர்கள் அந்த வித்தையைச் செய்துவந்தவர்கள். எரித்தது தங்கள் சொந்தப் புத்தகங்களை. பள்ளி நூலகத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாருக்கும் தெரிந்த கடமற்றத்துக் கத்தனாரைப் பற்றி, புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்த அந்தத் தாயிடமே கேட்டேன். சுரியானிப் பாதிரியார், மாந்திரீகம் கற்றவர், கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சிப் பேயை அடக்கியவர் என்பது கதை. மலையாள டிவியில் தொடராக வந்தபோது இந்தப் பக்கத்து வீடுகளிலும் பார்த்தார்கள். அவரும் பார்த்திருக்கிறார். “அவர் யட்சியை அடக்கத்தானே வித்தையை வைத்திருந்தார்? யாரையும் கெடுக்கவில்லையே” என்றார். இதைக் கேட்டபோதுதான் அவருடைய கேள்வியின் வடிவம் எனக்குப் பிடிபட்டது. மந்திரம் இருக்கிறதா என்பதல்ல அவர் கேட்டது. அது யாருடைய கையில் இருக்கிறது, யாரைக் கூப்பிடுகிறது என்பதுதான்.

அடுத்த முறை மகனையும் கூட்டிவந்தார். போனில் அவன் விளையாடும் ‘மைன்கிராஃப்ட்’டிலும் மந்திரம் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் தன் வாளுக்கு எப்படி மந்திரம் ஏற்றுகிறான் என்று காட்டினான். ஒரு புத்தகம், 2 வைரம், 4 அப்சிடியன் கல் சேர்த்தால் மந்திர மேசை. லாபிஸ் என்னும் நீலக்கல்லை வெட்டியெடுத்து வரவேண்டும். விளையாடிச் சேர்த்த அனுபவப் புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும். மேசையைச் சுற்றி 15 புத்தக அலமாரிகள் இருந்தால்தான் முழு வலு கிடைக்கும். நூலகர் என்பதால் அந்த அலமாரிக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தாய் திரையை நெடுநேரம் பார்த்தார்.

“இதில் யாரையும் கூப்பிடுவது இல்லையா?”

“யாரைக் கூப்பிடுவது அம்மா? கல் வெட்டினால் கிடைக்கும்.”

விளையாட்டுக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் புத்தகத்துக்குக் கிடைக்கவில்லை. அதில் செத்தவனின் ஆவியை அழைத்துக் குறிகேட்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அவர் அதைப் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். அலமாரியிலிருந்தே எடுத்துவிடச் சொன்னார். மறுத்தேன். “உங்கள் மகனுக்குக் கொடுக்க மாட்டேன்; பதிவேட்டில் எழுதிவைக்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று நீங்களும் நானும் சொல்லக்கூடாது” என்றேன். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. நிர்வாகத்துக்கு மனு கொடுத்தார்; இதே பதிலை நான் எழுத்திலும் கொடுத்தேன். புத்தகம் அலமாரியில் இருக்கிறது.

மந்திரக் கதைகள் புதிதாக வந்தால் இப்போது நானே முதலில் படித்துவிடுகிறேன். ஆவியை அழைக்கிறார்களா, குறிகேட்கிறார்களா, அப்படிச் செய்கிறவனுக்குக் கதையில் என்ன நேர்கிறது என்று ஒரு சீட்டில் குறித்து அட்டைக்குள் செருகிவைக்கிறேன். மகனுக்குப் புத்தகம் எடுக்குமுன் அந்தத் தாய் முதலில் சீட்டைத்தான் கேட்கிறார். சில நாள் புத்தகம் வேண்டாம் என்கிறார். சில நாள் தானும் படிப்பதாகச் சொல்லி எடுத்துப்போகிறார்.