வண்டி ஓட்டுவாயா? குட்டி எடுத்திருக்கிறாயா?

பிரிட்டனில் கால்நடை மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு முதல் அடி வகுப்பறையில் விழுவதில்லை, மின்னஞ்சலில்தான் விழுகிறது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பள்ளியில் வாங்கிய கேடயம், விலங்குகள் மேல் சின்ன வயதிலிருந்தே உள்ள பிரியம் என்று இரண்டு பக்கம் எழுதி, பயிற்சிக்கு இடம் கேட்டு ஒரு வேல்ஸ் ஆட்டுப் பண்ணைக்கு அனுப்புவார்கள். பல நாள் பதிலே இருக்காது. வந்தால் ஒரு வரிதான் வரும்: வண்டி ஓட்டுவாயா, முன்பு ஆட்டுக்குப் பிரசவம் பார்த்துக் குட்டி எடுத்திருக்கிறாயா?

அந்த ஒரு வரி சுருக்கென்று தைக்கும். வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ படித்தால் ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசி ஓராண்டுப் பயிற்சியைக் கல்லூரியே ஏற்பாடு செய்துவிடும்; பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினால் போதும். இங்கே விடுமுறையில் செய்யவேண்டிய வெளிப்பயிற்சியை, இ.எம்.எஸ் என்பார்கள், மாணவரே தேடிப் பிடிக்கவேண்டும். சம்பளம் கிடையாது. முதல் ஆண்டுகளில் பண்ணை வளர்ப்புப் பயிற்சி 12 வாரம், பிறகு மருத்துவமனைப் பயிற்சி 26 வாரம் என்று நெடுங்காலம் இருந்தது. கோவிட்டை ஒட்டி அதைக் குறைத்தார்கள். உங்கள் ஆண்டுக்கு எத்தனை வாரம் என்பதைச் சீனியரிடம் கேட்காதீர்கள். அவருக்கு இருந்த கணக்கு உங்களுக்கு இருக்காது. கல்லூரியின் இ.எம்.எஸ் அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்த ஒரு வரியில் அவமதிப்பு எதுவும் இல்லை. மார்ச் மாதம் சில நூறு ஆடுகள் ஒரே நேரத்தில் குட்டி போடும் கொட்டகையில் நிற்கிற மனிதருக்குத் தெரியவேண்டியது அந்த இரண்டும்தான்.

முதல் கேள்வி பேருந்தே வராத இடத்தைப் பற்றியது. பண்ணைக்குப் பக்கத்து ரயில் நிலையமே இருபது மைலில் இருக்கலாம். இந்திய, இலங்கை உரிமத்தை வைத்து, இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் வரைதான் ஓட்டலாம். அதற்குமேல் இந்நாட்டுத் தற்காலிக உரிமம் எடுத்து இரண்டு தேர்வும் எழுதவேண்டும். வயது குறைந்தவர்களுக்குக் காப்பீட்டுத் தொகை காரின் விலையோடு போட்டி போடும். அதனால் முதலாண்டில் வண்டிக்கு ஆலாய்ப் பறக்காமல், தங்க இடம் தரும் பண்ணையாகப் பார்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் முற்றத்தில் நிற்கும் கேரவன்தான் அந்த இடம். அடுப்பு வாயுவா மின்சாரமா, இரவில் சூடேற்ற வழி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் இருந்தால் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதிகாலை மூன்று மணிக்குக் கொட்டகையிலிருந்து நனைந்து வருகிறவருக்குச் சூடான சோறும் எலுமிச்சை ஊறுகாயும் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்விக்குத்தான் நம் பிள்ளைகள் இருப்பதையே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். மனசு கிடந்து அடித்துக்கொள்வது இதற்காகத்தான். அப்பத்தா வீட்டுக் கொட்டிலில் ஆறு வெள்ளாடு இருந்திருக்கும். நஞ்சுக்கொடி விழும்வரை கூடவே உட்கார்ந்திருப்பார்கள். மழைக்காலத்தில் குட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்படிக்குக் கொண்டு வந்திருப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்ட கீதாரியோடு ஒரு ராத்திரி தங்கியிருப்பார்கள். இதில் ஒன்றுகூடக் கடிதத்தில் இருக்காது. அது படிப்பில் சேராது என்று நாமே அவர்களுக்குச் சொல்லி வளர்த்துவிட்டோம். இங்குள்ள பண்ணைக்காரர் தேடுவதோ அதைத்தான். கேடயத்தை விட்டுவிட்டு அந்த ஆறு ஆட்டை எழுதுங்கள்.

எழுதுவதும் பத்து வரிக்குள் இருக்கட்டும். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. இரவு முறை பார்க்கத் தயார். ஆட்டை எங்கே, எவ்வளவு கையாண்டிருக்கிறேன். வண்டி இல்லை, இன்ன நிலையம்வரை வந்துவிடுவேன். கல்லூரிக் காப்பீடு உண்டு. இவ்வளவு போதும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரமோ இரவு ஏழு மணிக்கு மேலோ நல்லது. மற்ற நேரத்தில் அவர் கை ஆட்டின் மேல் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். பெரியவரைப் பேர் சொல்ல நமக்கு நாக்கு எழாது. நாலு நாளில் பழகிவிடும்.

இடம் தேட முதலில் கல்லூரியின் பட்டியலைப் பாருங்கள். அதில் முன்பு போனவர்களின் குறிப்பும் இருந்தால் அதுதான் பொக்கிஷம். அடுத்தது நேஷனல் ஷீப் அசோசியேஷன் நடத்தும் குட்டி ஈற்றுப் பட்டியல். மாணவர் வேண்டும் என்று கேட்கும் பண்ணைகள் அதில் இருக்கும். ஈஸ்டர் விடுமுறைக்கான இடங்களை முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே கேட்கத் தொடங்கிவிட வேண்டும். பிப்ரவரியில் எழுதினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

தேதி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "கிடாவை என்றைக்கு விட்டீர்கள்?" என்று கேளுங்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். நவம்பர் 5, இங்கே வெடி வெடிக்கும் இரவு, அன்று கிடா விட்டால் ஏப்ரல் 1 அன்று குட்டி வரத் தொடங்கும். பருவச் சுழற்சி 17 நாள் என்பதால் பெரும்பாலான ஆடுகள் அந்த முதல் 17 நாளுக்குள் ஈன்றுவிடும். உங்கள் இரண்டு வாரம் அதற்குள் விழவேண்டும். பிந்திப்போனால் புல் போடவும் கொட்டகை கூட்டவும்தான் வேலை இருக்கும். தாழ்நிலப் பண்ணைகள் முந்தும், மலைப் பண்ணைகள் ஏப்ரலுக்குப் போகும். இந்தக் கேள்வியைக் கேட்கிற மாணவரைப் பண்ணைக்காரர் மறப்பதில்லை.

போகுமுன் கல்லூரியின் பாதுகாப்புப் படிவம் இரு தரப்பும் கையெழுத்திட்டு முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உழைத்த வாரம் கணக்கில் சேராமல் போகக்கூடும். உடையும் காலணியும் அழுக்கில்லாமல், கிருமிநாசினியில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும். பன்றிப் பண்ணைக்கு என்றால், கடைசியாக வேறு பன்றிகளைத் தொட்டு இத்தனை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கும். பல இடங்களில் 48 மணி நேரம். முன்பே கேட்டு அதற்கேற்ப வாரங்களை அடுக்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் குட்டி ஈற்றுக் கொட்டகைக்குள் போகவே கூடாது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியும், ஆட்டில் கருச்சிதைவு உண்டாக்கும் கிளமிடியா என்ற கிருமியும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியை ஆல்கஹால் ஜெல் கொல்லாது.

ஊரிலிருந்தபடியே படித்துக்கொண்டு சில வாரம் மட்டும் வர நினைப்பவர்களுக்கு வழி வேறு. பார்வையாளர் விசாவில் கால்நடை மருத்துவ மாணவர்கள் இங்குள்ள உயர்கல்வி நிறுவனத்தில் சம்பளமில்லாமல் பயிற்சி பெறலாம். ஆனால் நோயுற்ற விலங்குக்குச் சிகிச்சை செய்யக் கூடாது. அதே விசாவில் பண்ணையில் வேலைக்கு இறங்கினால் விசாவுக்கே கேடு.

கொட்டகைக்குள் போய்விட்டால் அந்நியம் பாதி கரைந்துவிடும். ஆடு மண்ணைக் காலால் பறித்து, உட்கார்ந்து எழுந்து, மேலுதட்டைச் சுருட்டி முக்குவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அரை மணி முக்கியும் ஒன்றும் வெளியே தெரியவில்லையென்றால் உரிமையாளரைக் கூப்பிட்டு, கையுறை போட்டு, வழவழப்புத் திரவத்தை அள்ளிப் பூசிக்கொண்டு உள்ளே பாருங்கள். கைக்குக் கிடைத்த கால் முன்னங்காலா பின்னங்காலா? அடி மூட்டும் அதற்கு மேல் மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். கண்ணை மூடிக்கொண்டு விரலால் படிக்கவேண்டிய பாடம் இது. முன்னங்கால் என்றால், இரண்டு முன்னங்காலும் மூக்கும் சேர்ந்து வராமல் இழுக்கக் கூடாது. தலை பின்னால் திரும்பியிருக்க இழுத்தால் குட்டி செத்துப்போகும்.

வெளியே வந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியை 10 சதவீத அயோடினில் முழுக்க நனைத்து, தாயின் முன்னால் விடுங்கள். பிறகு சீம்பால். கிலோவுக்கு 50 மி.லி., முதல் ஆறு மணி நேரத்துக்குள். நாலு கிலோ குட்டிக்கு 200 மி.லி. உறைய வைத்த சீம்பாலைக் கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் எதிர்ப்புச் சத்து கெட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்து மெல்ல இளக்குங்கள். குட்டி பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகி, உடல் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே போயிருந்தால், குளூகோஸ் கொடுக்காமல் விளக்கடியில் போட்டுச் சூடேற்றாதீர்கள். உடம்பில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் எரிந்து வலிப்பு வந்து இறந்துவிடும்.

சீம்பால் இளகும் வாசனை எழும்போது கை ஏலக்காயைத் தேடும். வெல்லமும் போட்டு ஆவியில் வைத்து, வாழையிலைத் துண்டில் தெருவுக்கெல்லாம் கொடுத்தனுப்பும் வீடு நினைவுக்கு வரும். இங்கே எல்லாம் பழகிவிட்டது என்று அன்று மாலைதான் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லியிருப்பீர்கள்.

அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் இதையும் பார்ப்பீர்கள். ஓர் ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்திருக்கும். இன்னொரு ஆடு மூன்று போட்டிருக்கும், பாலோ இரண்டுக்குத்தான். பண்ணைக்காரர் செத்த குட்டியின் தோலை உரித்து, கால்களுக்கு நாலு ஓட்டை விட்டு, மிச்சக் குட்டிக்குச் சட்டையாக மாட்டிவிடுவார். தாய் முதலில் வால் பக்கம்தான் மோந்து பார்க்கும் என்பதால் அந்த இடத்தில் தோல் நன்றாக மூடியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில், அழுகுமுன், கழற்றிவிட வேண்டும். கன்று செத்த பசுவின் முன்னால் வைக்கோல் அடைத்த தோல் கன்றை நிறுத்திப் பால் கறந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதை யாரும் விளக்கவேண்டாம். பண்ணைக்காரரிடம் அந்தப் பசுவின் கதையைச் சொல்லுங்கள். கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்பார், நடுவில் நிறுத்தி அந்தப் பசு நக்குமா என்று விசாரிப்பார். தாய் இரண்டு முறை மோந்துவிட்டுக் குனிந்து முனகும். குட்டி மடியை முட்டி, காம்பைப் பிடித்ததும், மாட்டியிருக்கும் தோலுக்கடியில் அதன் வால் படபடவென்று ஆடத் தொடங்கும்.