நாங்கள் பேசுவது அங்கே கேட்கிறதாம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்ட ஆபிஸ்களுக்கும் ஹோட்டல்களுக்கும் இன்டர்நெட் போன் பொருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. செம்புக் கம்பியில் வந்த போன் இணையத்துக்கு மாறிய பிறகும் எனக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே வரிதான்: "தம்பி, லைன் சரியில்ல." எந்த விதத்தில் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. மணி அடிக்கவில்லையா, அடித்தும் குரல் வரவில்லையா, குரல் வந்தும் நடுவில் சொற்கள் விழுந்துபோகின்றனவா? இந்த மூன்றுக்கும் காரணம் வேறு, பார்க்க வேண்டிய இடமும் வேறு.

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர் இதில் எனக்குப் பெரிய உதவி செய்தார். நான் போனபோது ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து நீட்டினார். கோடு போட்டு, நேரம், யாருக்கு எடுத்தது, என்ன நடந்தது என்று எழுதியிருந்தார். "காலை 9.10. கொழும்பு. நாங்கள் பேசுவது அங்கே கேட்கிறதாம், கைபேசியில் விசாரித்தேன். அவர்கள் பேசுவது இங்கே வரவில்லை." அதற்குக் கீழே: "ஃபேக்டரிக்கு எடுத்தேன். இரண்டு பக்கமும் நல்லா இருக்கு."

அந்த இரண்டு குறிப்பும் போதும். இன்டர்நெட் போனில் எஸ்ஐபி என்பது அழைப்பை ஏற்படுத்தும், முடிக்கும் ஒழுங்கு மட்டுமே. மணி அடிக்க வைப்பது அது. குரல் ஆர்டிபி என்ற வேறொரு வழியில் போகிறது. மணி அடித்து, போனையும் எடுத்துவிட்டார்கள் என்றால் எஸ்ஐபி தன் வேலையைச் செய்துவிட்டது. ஃபேக்டரிக்குப் போகும் அழைப்பு தோட்டத்தின் உள் நெட்வொர்க்கைத் தாண்டுவதில்லை, அதுவும் நன்றாக இருக்கிறது. ஆகவே கோளாறு வெளியே போகும் வாசலில், அதாவது ரௌட்டரில். உள்ளே இருக்கும் பிபிஎக்ஸ், அதாவது தோட்டத்துப் போன்களை இணைத்துவிடும் பெட்டி, தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைக் கொழும்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த முகவரிக்கு இணையத்தில் வழி கிடையாது. அங்கிருந்து அனுப்பிய குரல் வந்து சேரவே இல்லை. உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவதற்கு நேட் என்று பெயர்; நேட் சிக்கல் என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு வசதி இருக்கும். உதவி செய்யத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பல ரௌட்டர்களில் அது முகவரிகளைத் தப்பாக மாற்றிக் குழப்பிவிடும். அதை நிறுத்திவிட்டு, பிபிஎக்ஸில் வெளி முகவரியைப் பதிந்தேன். வேலை முடிந்தது.

வேகத்தைப் பற்றியும் பேச வேண்டும். பெரிய பேக்கேஜ் வாங்கினால் பேச்சு தெளிவாகும் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. குரலை டிஜிட்டலாக மாற்றும் முறையைக் கோடெக் என்பார்கள். ஜி.711 என்ற கோடெக்கில் குரலுக்கு வேண்டியது வினாடிக்கு 64 கிலோபிட். குரல் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது; அவற்றின் முகவரித் தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 90க்குள் அடங்கிவிடும். ஜி.729 என்ற கோடெக் என்றால் அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். குரல் வழக்கமாக வினாடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. அவை சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும். முன்பின்னாக வருவதுதான் ஜிட்டர். போன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும், அதற்கும் பிந்தி வந்த பாக்கெட்டைத் தள்ளிவிடும். அங்கேதான் சொல் அறுபடுகிறது. தாமதம் ஒரு பக்கத்துக்கு 150 மில்லி வினாடிக்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வார்கள்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் இதையே பார்த்தேன். பகலில் பேச்சு சுத்தம். இரவில் விருந்தினர்கள் அறைக்குத் திரும்பிப் படங்களையும் வீடியோக்களையும் ஏற்றத் தொடங்கினால் முன்பதிவுக்காக அழைப்பவரின் பெயர்கூடப் பிடிபடாது. டவுன்லோட் வேகம் தாராளமாக இருந்தது, அப்லோட்தான் அடைத்துக்கொண்டிருந்தது. போன்களைத் தனி விலேனில், அதாவது அதே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதியில் போட்டு, குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் க்யூஓஎஸ் அமைப்பைச் செய்தோம். பேக்கேஜை மாற்றவில்லை.

எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலை கரண்ட் பற்றியது. பழைய கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, வீடு இருட்டானாலும் அது பேசும். இப்போது மேசைப் போன் பிஓஇ சுவிட்ச் என்ற நெட்வொர்க் பெட்டியிலிருந்து, டேட்டா வரும் அதே கேபிள் வழியாக மின்சாரம் எடுக்கிறது. சுவிட்ச், ரௌட்டர், ஃபைபர் பெட்டி, பிபிஎக்ஸ், இந்த நான்கில் ஒன்று அணைந்தாலும் வெளியே பேச முடியாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக்கு மின்சாரம் போவது எங்கள் பக்கம் புதிதல்ல. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஃபேக்டரிக்கு மட்டும்தான். அப்படி இருக்கையில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒருவருக்கு நெஞ்சுவலி, கைபேசிக்கும் சிக்னல் இல்லை என்றால், 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்சை எந்தப் போனில் அழைப்பது? கரண்ட் போனாலும் பேட்டரியில் இவற்றை ஓட்டும் யூபிஎஸ்ஸின் செலவைக் குறைக்கச் சொல்லும் எந்த முகாமையாளரிடமும் இதை நேராகக் கேட்டுவிடுகிறேன்.

செம்புக் கம்பியை இன்னும் பிபிஎக்ஸின் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில், அதாவது பழைய லைனுக்கான துவாரத்தில், செருகி வைத்திருப்பவர்கள் அதற்கு ஒரு மின்னல் காப்பும் போட வேண்டும். ஃபைபரில் மின்னல் ஏறாது. கம்பியில் ஏறும், மின்சார வயரிலும் ஏறும்.

வேலையைக் கையளிக்கும் நாளில் நான் தவறாமல் செய்வது ஒன்று உண்டு. கிளாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேசைப் போனிலிருந்து என் கைபேசிக்கு அவரையே அழைக்கச் சொல்வேன். மணி அடித்து, இரண்டு பக்கமும் குரல் கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்குவேன்.