கவரத்திக் கிணறும் காரைக்குடி போர்வெல்லும்

காரைக்குடியில் போர் மோட்டார் வேலை பார்க்கிறவனுக்கு லட்சத்தீவில் என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் ஒப்பந்தக்காரருக்கு கவரத்தியில் சில பம்புகளைச் சரிபார்க்கும் வேலை வந்தது, அனுமதி வாங்கிக்கொண்டு கொச்சியில் கப்பல் ஏறினோம், அங்கிருந்து 400 கிலோமீட்டர்.

தீவு மொத்தமே நாலு சதுர கிலோமீட்டர் சொச்சம். ஆறு கிடையாது. பெய்கிற மழை பவள மணலில் இறங்கி, உப்புத்தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மோட்டாரை விட்டு இழுத்து மேல்மட்டத்தை அரை அடி இறக்கினால், அதே கணக்குப்படி உப்பு அடியிலிருந்து 20 அடி மேலே வரப் பார்க்கும்.

ஒரு வீட்டில் ஃபுட் வால்வு மாற்றி, அரை ஹெச்பி மோட்டாரை ஓட்டிக் காட்டினேன். வீட்டுக்காரர் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார், அப்புறம் "மதி, மதி", அதாவது போதும் போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். தொட்டி பாதிகூட நிறையவில்லை. இத்தனைக்கும் அங்கே 2005-இலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துவிட்டது. கடலின் மேல்தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரால் அந்த ஆவியைக் குளிரவைத்து, ஒரு நாளில் ஒரு லட்சம் லிட்டர் எடுக்கும் அளவில் கட்டியது. அப்படியும் கிணற்றை யாரும் விட்டுவிடவில்லை.

ஊர் திரும்பினால் இங்கே பேச்சே வேறு. பக்கத்து வீட்டில் ஆழமாகப் போட்டுவிட்டார்கள், எனக்கு அதைவிடப் பெரிய மோட்டார் வேண்டும் என்கிறார்கள். 2024-இல் மாநகராட்சி ஆன ஊர், வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன, அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய மோட்டார் தண்ணீரை உண்டாக்காது, இருப்பதைச் சீக்கிரம் தீர்க்கும், அவ்வளவுதான். இதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தபிறகு சிலர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள், சரி, போகட்டும்.

போன வாரம் ஒரு பழைய வளவு வீட்டில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஆச்சி சொன்னார்கள்: "அப்பல்லாம் முற்றத்துல விழுற மழையத்தான் அண்டாவுல பிடிச்சு வச்சுக் குடிச்சோம் தம்பி. இப்ப அந்தத் தண்ணி தெருவுக்குல்ல போகுது?" முற்றத்து ஓட்டுச் சரிவு நாலு பக்கமும் அப்படியே இருக்கிறது, குழாயை மட்டும் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அதைப் போர் பக்கம் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட குழியில் இறக்கலாம் என்றேன், ஆச்சி உடனே சம்மதித்துவிட்டார்கள். ஐப்பசி மழைக்குள் தோண்டி முடிக்க வேண்டும்.