ஆயாவோட கிளிஞ்சல் கணக்கு

டிசம்பர் 13 ராத்திரி கடலூர் பக்கத்துல தாழங்குடா கடற்கரையில விண்கல் பொழிவு, அதான் எரிநட்சத்திரம் நெறைய விழறது, பாக்கலாம், டெலஸ்கோப் வைக்கிறோம், யார் வேணா வரலாம்னு வாட்சப்ல மெசேஜ் வந்துச்சு, நான் கெளம்பும்போது பாத்தா ஆயாவும் ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு ஒரே ஆச்சரியம். ஏன்னா சின்ன வயசுல மொட்டமாடில படுத்திருக்கும்போது எரிநட்சத்திரம் விழுந்தா "பாக்காத, சீக்கிரம் பச்ச மரத்தப் பாரு, இல்லன்னா படிச்சதெல்லாம் மறந்துடும்"னு என் தலையப் புடிச்சு முருங்க மரத்துப் பக்கம் திருப்பி விட்டதே அவங்கதான். ஆடில ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆச்சு, அதுலேந்து எல்லாத்தையும் பாத்துடணும்னு ஒரு வேகம்.

முதல்ல டெலஸ்கோப்ல வியாழன் காட்டுனாங்க, பக்கத்துல நாலு நிலாவும் கோலப்புள்ளி மாதிரி வரிசையா. அப்புறம் அங்க இருந்த தம்பி சொன்னாரு, விண்கல்லுக்கு டெலஸ்கோப்பே வேணாம், காவலூர் வானாய்வகத்துல இருக்கற 2.3 மீட்டர் கண்ணாடி வச்ச பெரிய டெலஸ்கோப்ல பாத்தாலும் வானத்துல துளியூண்டு எடம்தான் தெரியும், நமக்கு முழு வானமும் வேணும், பாய விரிச்சு படுங்க, இருபது நிமிஷம் ஃபோனத் தொடாதீங்க கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்னு. டார்ச்சுல கூட செவப்பு கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தாங்க.

வழக்கமா வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசிதான் இப்படி எரியுமாம், இது மட்டும் 1983ல கண்டுபிடிச்ச ஃபேத்தான்ங்கற சிறுகோளோட தூசி. மணல் அளவு, மிஞ்சுனா பட்டாணி அளவு. நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகம், அதாவது கடலூர்லேந்து பாண்டிக்கு ஒரு நொடி கூட ஆகாது, யோசிச்சுப் பாருங்க! எல்லாம் மிதுனத்துலேந்து கெளம்புற மாதிரி தெரியும், புனர்பூசத்துக்குப் பக்கத்துலன்னு அவர் கை காட்டுனதும் ஆயா "அட, உங்கப்பன் நட்சத்திரமாச்சே"ன்னு நிமுந்து ஒக்காந்துட்டாங்க.

பத்தரை வரைக்கும் மேகம். மழைக்காலம், என்ன பண்றது. பாதி பேரு கெளம்பிட்டாங்க. தெக்கால ஹைமாஸ் வெளிச்சம் வேற அந்தப் பக்க வானத்தையே வெளுத்துடுச்சு, வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி அத அணைச்சு வைக்கக் கூடாதா, எனக்கு உண்மையாவே மனசு ஆறல.

மேகம் வெலகுனதும் "தோ, தோ பாரு பாப்பா!" ஆயாதான் முதல்ல பாத்தாங்க. நான் திரும்பறதுக்குள்ள போயிடுச்சு. அடுத்தது எனக்கும் கெடச்சுது, மஞ்சளா, நெதானமா, கடலுக்கு மேல நீளமா ஒரு கோடு, போனப்புறமும் ஒரு கணம் தடம் நின்னுச்சு, அங்க இருந்த எல்லாரும் ஒரே குரல்ல ஓன்னு கத்துனோம்.

ஆயா படுக்கல. கரையேத்தி வச்சிருந்த போட்டுல சாஞ்சு கால நீட்டி ஒக்காந்துகிட்டு, ஒண்ணு பாத்தா மண்ணத் தடவி ஒரு கிளிஞ்சல எடுத்து மடியில போட்டுக்கறாங்க, கண்ண வானத்துலேந்து எடுக்கவே இல்ல. "பச்ச மரம் பாக்கலயா ஆயா?"ன்னு கேட்டேன்.

"மறந்துடக் கூடாதுன்னுதான எண்ணிக்கிட்டிருக்கேன்."

ரெண்டு மணிக்கு ஸ்கூட்டர் லைட்டுல எண்ணுனோம், 43. எனக்கு 29தான். இப்ப ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு சாமி அலமாரில வச்சிருக்காங்க, அதுல ஒண்ணு மட்டும் பெரிய கிளிஞ்சல், அது மஞ்சளா போனதுக்கு.